வாய்தா தவறாத மனிதர்

எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் 'எக்ஸ்பார்ட்டி' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் வரவில்லை. டவாலி வாசலில் நின்று மூன்று முறை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். எதிராளி இருக்க மாட்டார். அவருடைய வக்கீல் வேறு ஏதோ கோர்ட்டில் நிற்பார். நீதிபதி கட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டை எடுப்பார். பன்னிரண்டு மணிவாக்கில் எதிராளி மூச்சு வாங்க ஓடிவந்து, பஸ் லேட் என்பார், அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்பார். அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு போடுவோம். என் வருமானத்தில் கணிசமான பங்கு வாய்தாவுக்கு வராதவர்கள் போட்ட பிச்சைதான்.

அதனால் 'எக்ஸ் பார்ட்டி க்ரோ டாக்' என்ற வழக்கின் பெயரை முதன்முதலாகப் பார்த்தபோது, எவனோ ஒருவன் வாய்தாவுக்கு வராமல் கோட்டை விட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். 2020 ஜூலை அது. கோர்ட்டெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஓக்லஹோமாவின் கிழக்கில் ஒரு பெரிய நிலப்பரப்பு, டல்சா நகரத்தின் பெரும்பகுதியையும் சேர்த்து, சட்டப்படி இன்னும் மஸ்கோகி கிரீக் என்ற பூர்வகுடி மக்களின் ரிசர்வேஷன்தான், அதாவது அவர்களுக்கென ஒதுக்கிய நிலம்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்போது ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. அதைப் படிக்கப் போய், அதில் பேசப்படும் சட்டம் எங்கிருந்து முளைத்தது என்று நூல் பிடித்துப் போனால், நூலின் மறுமுனையில் 1883-ஆம் ஆண்டும் இந்தப் பெயரும் இருந்தன.

அங்கே 'எக்ஸ் பார்ட்டி இன்னார்' என்றால் இன்னார் தன் தரப்பில் கொண்டுவந்த மனு என்று பொருள். வராமல் போனவர் என்றல்ல. இந்த வழக்கில் அந்தப் பொருள் மாற்றம் எவ்வளவு பெரிய கேலி என்பது மேலும் நாற்பது பக்கம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தன்னைத் தூக்கில் போடப்போகும் கோர்ட்டுக்கு, பனிப்புயலில் நடந்து, குறித்த நாளில் தானாக வந்து நின்ற மனிதரின் வழக்கு இது.

1881 ஆகஸ்ட் 5. டகோட்டா டெரிட்டரி, ரோஸ்பட் ரிசர்வேஷன். டகோட்டா அப்போது மாநிலம் ஆகவில்லை. அதற்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது. ரோஸ்பட்டில் இருந்தவர்கள் லக்கோட்டா மக்களில் ப்ரூலே என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த பிரிவினர். அவர்களின் பெரிய தலைவர் சின்டே க்ளெஷ்கா, ஆங்கிலத்தில் ஸ்பாட்டட் டெய்ல், நம் பாஷையில் சொன்னால் புள்ளிவால். இளம் வயதில் யாரோ ஒரு பொறிவேடன் கொடுத்த ரக்கூன் வாலைத் தலையில் அணிந்துகொண்டதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். அன்று ஒரு கூட்டம் முடிந்து குதிரையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே க்ரோ டாக், லக்கோட்டா மொழியில் காங்கி ஷுங்கா, மனைவியோடு வண்டியில் வந்தார். வண்டியிலிருந்து இறங்கினார். துப்பாக்கி வெடித்தது. ஸ்பாட்டட் டெய்ல் விழுந்தார்.

ஏன் சுட்டார்? க்ரோ டாக் முன்பு ஏஜென்சி (ரிசர்வேஷனை நிர்வகித்த அரசு அலுவலகம்) போலீஸின் கேப்டனாக இருந்து அந்தப் பதவியை இழந்தவர் என்பது ஒரு கணக்கு. ஸ்பாட்டட் டெய்ல் இன்னொருவர் மனைவியைச் சேர்த்துக்கொண்டது ஒரு கணக்கு. ரிசர்வேஷன் நிலத்தில் மாடு மேய்ப்பவர்களிடம் வாங்கும் பணம் பற்றிய சச்சரவு மூன்றாவது. முதலில் துப்பாக்கியை எடுத்தவர் ஸ்பாட்டட் டெய்ல்தான் என்று க்ரோ டாக் தரப்பு சொன்னது. கொலை வழக்குக் கட்டுகளைப் பார்த்துப் பழகியவனுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. நிலம், பதவி, பெண், மானம் எல்லாம் ஒரே கட்டில் கிடக்கும். எது முதல் என்று கேட்டால் இரண்டு தரப்பும் இரண்டு வரிசை சொல்லும்.

ஸ்பாட்டட் டெய்லை வெறும் "அரசாங்கத்தின் ஆள்" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வாஷிங்டன் அவரைத் தலைவராக ஏற்று நடத்தியது உண்மை. ஆனால் 1880-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கூடத்துக்குப் போய், முடி வெட்டப்பட்டு, சிப்பாய் உடுப்பில் நிறுத்தப்பட்டிருந்த தன் பிள்ளைகளைப் பார்த்துக் கொதித்துப்போய் கையோடு ஊருக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான்.

கொலை நடந்த பிறகு லக்கோட்டா மக்கள் செய்ததுதான் வழக்கின் வேர். பெரியவர்கள் கூடினார்கள். இரண்டு குடும்பத்தாரிடமும் பேசினார்கள். பழிக்குப் பழி என்று போனால் இனத்தில் பாதி அழியும் என்பது அவர்களுக்குத் தெரியும். க்ரோ டாக் தரப்பு 600 டாலர் ரொக்கம், எட்டுக் குதிரை, ஒரு போர்வை கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கொடுத்தார்கள். செத்தவர் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். விஷயம் அங்கே முடிந்தது.

அந்தக் கணக்கில் என்னை நிறுத்திய பொருள் போர்வைதான். குதிரை அவர்களுக்குச் சொத்து. டாலர் வெள்ளைக்காரன் கடைக்கு. ஒற்றைப் போர்வை எதற்கு? நம் வீடுகளில் துக்கத்துக்குப் போகும்போது கோடி எடுத்துப் போகிறோமே, அதற்கு விலை கேட்டால் எப்படியிருக்கும்? அப்படி ஒன்றாக இருந்திருக்கும் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

இங்கே எனக்குள் ஒரு முள் குத்தியதையும் சொல்லிவிடுகிறேன். கொலைக்குப் பணம், பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தது என்றதும் என் காதில் விழுந்த சொல் 'கட்டப்பஞ்சாயத்து'. அதற்கு எதிராக மேடையில் பேசியிருக்கிறேன், வழக்கும் நடத்தியிருக்கிறேன். ஏழை வீட்டுப் பெண்ணின் மானத்துக்கு ஐயாயிரம் ரூபாய் விலை வைத்த கூட்டங்களை எனக்குத் தெரியும். பிறகு இங்கே மட்டும் ஏன் என் மனசு அந்தப் பெரியவர்கள் பக்கம் சாய்கிறது? இரண்டு நாள் யோசித்தேன். ஊரில் பஞ்சாயத்து செய்கிறவர் தலைக்கு மேல் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை உண்டாக்கியதில் பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது. பஞ்சாயத்து அதைத் திருடுகிறது. லக்கோட்டா மக்கள் எந்த அமெரிக்கச் சட்டத்தையும் உண்டாக்கியவர்கள் அல்ல. அன்று அவர்கள் அந்த நாட்டின் பிரஜைகளே அல்ல. அந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்ட இன்னொரு மக்கள். அவர்களுடைய கூட்டம்தான் அவர்களுடைய கோர்ட். இந்த விளக்கம் எனக்கு முக்கால்வாசி போதுமானதாக இருந்தது. மிச்சக் கால்வாசி முள் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

வெளியே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சமாதானம் பொறுக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்த தலைவரைக் கொன்றவன் குதிரை கொடுத்துத் தப்பிப்பதா என்றார்கள். ரிசர்வேஷனுக்குள்ளே நடக்கும் குற்றங்களின் மேல் தனக்கு அதிகாரம் வேண்டும் என்று அரசின் இந்தியர் விவகாரத் துறையும் (அங்கே 'இந்தியர்' என்றால் பூர்வகுடிகள்) பல வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது. க்ரோ டாக் கைது செய்யப்பட்டார். விசாரணைக்கு அவரைக் கொண்டுபோன ஊர் டெட்வுட். ரோஸ்பட்டிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 250 கிலோமீட்டருக்கு மேல்.

டெட்வுட் என்ற பெயரை வெஸ்டர்ன் படம் பார்க்கிறவர்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஊர் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அங்கே ஒரு கோர்ட் இருந்ததன் விபரீதம் புரியும். 1868-இல் லாரமி கோட்டையில் போட்ட ஒப்பந்தப்படி, மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இன்றைய தெற்கு டகோட்டாவின் பாதி, பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட, சூ மக்களுக்கு; லக்கோட்டா அவர்களில் ஒரு பிரிவு. வெள்ளைக்காரர் குடியேறக் கூடாது. 1874-இல் கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி படையோடு போய் அங்கே தங்கம் இருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான், 1876-க்குள் பிளாக் ஹில்ஸ் நடுவில் ஓர் ஊரே எழும்பிவிட்டது. சாராயக் கடை, சூதாட்ட மேஜை, சுரங்கக் கூலிகள். மொத்த ஊருமே புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று சொல்லலாம். சரியாகச் சொன்னால் அதைவிட மோசம். புறம்போக்குக்கு அரசாங்கமாவது சொந்தக்காரர். இது பட்டா வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் தோட்டம்.

1876 ஆகஸ்ட் 2 அன்று அந்த ஊர் சாராயக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த, துப்பாக்கிக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக்கை ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். ஊரில் கோர்ட் இல்லை. சுரங்கக்காரர்களே ஒரு ஜூரியை உட்கார வைத்து மறுநாளே விசாரித்தார்கள். குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். மெக்கால் வெளியே போய் வாய் கொழுப்பில் பெருமை பேச, மறுபடி பிடித்து டெரிட்டரியின் தலைநகரான யாங்க்டனில் நிறுத்தினார்கள். ஒரு முறை விடுதலை ஆனவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கலாமா? நம் சட்டத்திலும் அங்கேயும் கூடாது. ஆனால் யாங்க்டனில் விசாரித்தார்கள். காரணம்: டெட்வுட் இந்தியர் நிலத்தில் சட்டவிரோதமாக உட்கார்ந்திருக்கும் ஊர், அங்கே நடந்தது கோர்ட்டே அல்ல, கோர்ட் அல்லாதது கொடுத்த விடுதலை விடுதலையே அல்ல. 1877 மார்ச் 1-ஆம் தேதி மெக்காலைத் தூக்கில் போட்டார்கள்.

அதே ஊர். ஐந்தே வருடம் கழித்து, 1882 மார்ச்சில், அங்கே முறையான கோர்ட், முறையான நீதிபதி, முறையான ஜூரி. ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். நடுவில் என்ன மாறியது? 1877-இல் பட்டினியில் கிடந்த சூ மக்களிடம் ஒரு புது உடன்படிக்கை என்று சொல்லி பிளாக் ஹில்ஸை வாங்கிக்கொண்டார்கள். பழைய ஒப்பந்தப்படி நிலத்தை விட்டுக்கொடுக்க வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கு பேர் கையெழுத்திட வேண்டும். விழுந்த கையெழுத்து அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1980-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றமே அந்த நிலத்துக்கு நஷ்ட ஈடு கொடு என்று சொன்னது. சூ மக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. பணம் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. மலை வேண்டும் என்கிறார்கள்.

நீதிபதி கிடியன் மூடி மரண தண்டனை விதித்தார். டெரிட்டரியின் மேல் கோர்ட் உறுதி செய்தது.

பனிப்புயல் கதை இந்த இடைவெளியில் வருகிறது. சாவதற்கு முன் வீட்டுக்குப் போய் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டு வர க்ரோ டாக் அனுமதி கேட்டார், கொடுத்தார்கள். திரும்பி வர வேண்டிய நாளில் பனி கண்ணை மறைத்துக் கொட்டியது. டெட்வுட்டில் யாரும் அவர் வருவார் என்று நம்பவில்லை. வந்தார். கதையில் பாதி, சொல்லிச் சொல்லிப் பூசிய சாயமாக இருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்கு 'சொன்ன சொல் காக்கும் காட்டு மனிதன்' என்ற படம் எப்போதுமே விற்கும். ஆனால் போனதும் வந்ததும் அன்று ஊர் முழுக்கப் பேசப்பட்டவை. அந்தப் பேச்சு அவருக்கு ஆதரவாக ஒரு காற்றைக் கிளப்பியது. வக்கீல் ஏ.ஜே. ப்ளோமன் வாஷிங்டன் வரை போனார். விந்தை என்னவென்றால், அந்த மேல் வழக்குச் செலவுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே 1000 டாலர் ஒதுக்கியது. கொல்லத் தீர்ப்பு வாங்கியதும் அரசாங்கம், அதை எதிர்த்து வாதாடச் செலவு கொடுத்ததும் அரசாங்கம். தாராள மனசு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை; ஒரு கேள்விக்கு மேலிடத்துப் பதில் எப்படியாவது வேண்டும் என்று பலருக்கு இருந்தது.

உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அப்பீல் அல்ல. ஆட்கொணர்வு மனு. "நான் கொல்லவில்லை" என்பதல்ல வாதம். "என்னை விசாரித்த கோர்ட்டுக்கு என்னை விசாரிக்க அதிகாரமே இல்லை; அதிகாரம் இல்லாதவன் போட்ட தண்டனையில் என்னை அடைத்து வைப்பது சட்டவிரோதக் காவல்" என்பது வாதம்.

சட்டம் படிக்காதவர்களுக்கு இது நழுவல் வாதமாகத் தோன்றும். ஒரு முறை என் பைக் காணாமல் போய், ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம்னு சொல்றீங்க, அது எங்க லிமிட் இல்ல சார்" என்றார்கள். அடுத்த ஸ்டேஷனில், "டிவைடர் வரைக்கும் அவங்க லிமிட்தான், அங்கயே குடுங்க." வக்கீல் கவுன் போட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். அன்றைக்கு எனக்கும் 'லிமிட்' என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்தது. ஆனால் லிமிட் இல்லாத போலீஸ் ஸ்டேஷன் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். எந்த ஊரிலிருந்தும் எவரையும் தூக்கிக்கொண்டு வரலாம். லிமிட்தான் அதிகாரத்துக்கு வேலி. டெட்வுட் கோர்ட் ஒரே நாற்காலியில் இரண்டு கோர்ட்டாக இருந்தது: டெரிட்டரி வழக்கும் கேட்கும், ஃபெடரல் வழக்கும், அதாவது மத்திய அரசின் சட்டப்படியான வழக்கும் கேட்கும். ஃபெடரல் கோர்ட் என்ற முறையில் அதன் வேலி எதுவரை என்பதுதான் கேள்வி.

அரசுத் தரப்பு வாதத்தின் எலும்பு இது. கொலைக்குத் தண்டனை தரும் ஃபெடரல் சட்டம் இருக்கிறது. இந்தியர் நிலத்துக்கும் அது பொருந்தும். ஆனால் அடுத்த பிரிவிலேயே விலக்கு இருக்கிறது: ஓர் இந்தியர் இன்னோர் இந்தியருக்குச் செய்த குற்றத்துக்குப் பொருந்தாது. பச்சையாக எழுதப்பட்ட விலக்கு. இதை எப்படித் தாண்டுவது? 1877 உடன்படிக்கையில், சூ மக்களுக்கு ஒழுங்கான ஆட்சி அமைத்துத் தருவோம், அவர்கள் அமெரிக்கச் சட்டங்களுக்கு உட்பட்டவர்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இந்த விலக்கைச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட்டது என்றார்கள். மலையைப் பிடுங்கிக்கொண்ட அதே காகிதம். மலையையும் எடுத்துக்கொண்டது, அந்த மலையில் உட்கார்ந்து அவர்களைத் தூக்கில் போடும் உரிமையையும் தந்தது என்று ஒரு காகிதத்தை இரண்டு தடவை விற்கப் பார்த்தார்கள்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டான்லி மாத்யூஸ். 1881-இல் செனட்டில் 24-க்கு 23 என்று ஒற்றை ஓட்டில் பதவிக்கு வந்தவர். தீர்ப்பின் தொடக்க வரிகளே குளிரெடுக்கும்: மனுதாரர் லாரன்ஸ் கவுன்ட்டி சிறையில் இருக்கிறார், 1884 ஜனவரி 14 அன்று தூக்கு. தீர்ப்பு வந்த தேதி 1883 டிசம்பர் 17. நான்கே வாரம்.

மாத்யூஸ் அரசு வாதத்தை ஏற்கவில்லை. ஒரு சட்டம் இன்னொன்றை மறைமுகமாக ரத்து செய்தது என்று லேசில் முடிவுக்கு வரக் கூடாது என்றார். நாங்கள் தினமும் கோர்ட்டில் சொல்கிற வாதம்தான், ஜூனியருக்கும் தெரியும். "ஒழுங்கான ஆட்சி அமைத்துத் தருவோம்" என்றால் அவர்களே தங்களை ஆண்டுகொள்ளும் ஆட்சியை அல்லவா அது குறிக்கிறது, தங்களுக்குள் அமைதி காப்பது அந்த ஆட்சியின் முதல் வேலை அல்லவா என்று திருப்பினார். இவ்வளவு பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் காங்கிரஸ் வாயைத் திறந்து தெளிவாகச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. டெட்வுட் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. தண்டனை செல்லாது. மாறுபட்ட தீர்ப்பு யாரும் எழுதவில்லை.

முதல் தடவை படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை அந்தப் புகழ்பெற்ற பத்தியில் நின்றேன். அந்த மக்களை அவர்களுக்குச் சமமானவர்களைக் கொண்டு அல்ல, அவர்கள் வழக்கப்படி அல்ல, அவர்கள் நாட்டுச் சட்டப்படி அல்ல, வேறு இனத்து மேலானவர்களைக் கொண்டு விசாரிப்பது. சிவப்பு மனிதனின் பழியை வெள்ளை மனிதனின் ஒழுக்க விதியால் அளப்பது. இது தகாது என்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதே வாக்கியத்தின் நடுவில், அந்தச் சட்டம் அவர்களுடைய "காட்டுமிராண்டி இயல்பின்" ஆழ்ந்த பற்றுகளுக்கு எதிரானது என்றும் எழுதியிருக்கிறார். "மேலானவர்கள்" என்ற சொல்லை அவர் கிண்டலாகவும் எழுதவில்லை. நம்புகிறார்.

உங்களுக்கு ஒரு சட்டம், ஒரு கோர்ட், ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சட்டம் புரியும் அளவுக்கு நீங்கள் வளரவில்லை, அதனால் விட்டுவிடுகிறோம் என்கிறார். சின்னப் பையன் உடைத்த கண்ணாடிக்கு யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லையே, அந்த மாதிரி. 600 டாலர், எட்டுக் குதிரை, ஒரு போர்வை என்று ஒரு மக்கள் கூடிக் கொடுத்த தீர்ப்பின் மேல் இந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. விலக்குப் பிரிவில், அந்த இனத்தின் உள்ளூர்ச் சட்டப்படி ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவருக்கும் விலக்கு உண்டு என்று தனியாக ஒரு வாசகமே இருந்தது. அதைப் பிடித்து எழுதியிருந்தால் ரோஸ்பட்டில் கூடிய பெரியவர்களின் கூட்டம் ஒரு கோர்ட் என்று அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கும். என் சீனியராக இருந்தால் மார்ஜினில் பென்சிலால் "இதை ஏன் விட்டாய்?" என்று எழுதியிருப்பார்.

இதே மாத்யூஸ்தான் மூன்று வருடம் கழித்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனர்களின் சலவைக் கடைகளை மட்டும் குறிவைத்து உரிமம் மறுத்ததைச் சமத்துவ உரிமை மீறல் என்று தீர்ப்பு எழுதினார். மனிதர்களை ஒரே பெட்டியில் அடைக்க முடிவதில்லை.

தீர்ப்பின் கடைசியில் இருந்த "காங்கிரஸ் தெளிவாகச் சொல்லவில்லை" என்ற வரி, வக்கீல்கள் கண்ணில் உடனே படும். சொன்னால் சரியாகிவிடும் என்பது அதன் மறுபக்கம். கதவைச் சாத்திவிட்டுச் சாவியை வாசல்படியிலேயே வைத்துவிட்டுப் போன மாதிரி. காங்கிரஸ் எடுத்துக்கொள்ளப் பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. 1885 மார்ச் 3 அன்று, இந்தியர்களுக்கான செலவு மசோதாவின் கடைசிப் பக்கத்தில், ஒன்பதாம் பிரிவாக ஒரு பத்தி. கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், பாலியல் வன்கொடுமை, கொல்லும் நோக்கத்தோடு தாக்குதல், தீவைப்பு, கன்னமிடல், திருட்டு. ரிசர்வேஷனுக்குள் இந்தியருக்கு இந்தியர் செய்தாலும் இந்த ஏழு குற்றங்களும் இனி ஃபெடரல் கோர்ட்டுக்கு. மாட்டிறைச்சி, போர்வை வாங்க ஒதுக்கிய பணக் கணக்கின் வாலில் ஒரு மக்களின் நீதி அதிகாரம் போனது.

அந்தச் சட்டம் செல்லுமா என்று அடுத்த வருடமே ககாமா என்பவரின் வழக்கு வந்தது. நீதிபதி மில்லர் எழுதிய தீர்ப்பு, நான் படித்தவற்றிலேயே விநோதமான தர்க்கம் உள்ளவற்றில் ஒன்று. இந்த அதிகாரம் அரசியல் சாசனத்தில் எங்கே இருக்கிறது? இந்தியரோடு வர்த்தகம் பற்றிய பிரிவு இவ்வளவு தூரம் நீளாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு எங்கிருந்து? அவர்கள் நலிந்தவர்கள், நம்மை அண்டியிருப்பவர்கள். அவர்களைக் காக்கும் கடமை நமக்கு. கடமை இருப்பதால் அதிகாரமும் இருக்கிறது. அவர்கள் நலிந்ததற்குப் பெருங்காரணம் நம் அரசாங்கம் அவர்களை நடத்திய விதம்தான் என்றும் அதே மூச்சில் எழுதுகிறார். அடித்துக் காலை உடைத்தோம், நொண்டுகிறான், ஆகவே அவன் வீட்டுச் சாவி நம்மிடம் இருக்கட்டும்.

1885-ஆம் ஆண்டின் அந்தப் பத்திதான், குற்றங்களின் பட்டியல் நீண்டு, இன்றும் அமலில் இருக்கிறது. நான் 2020-இல் தற்செயலாகப் பிடித்த நூலும் அதுவே. ஓக்லஹோமா வழக்கில் அந்தச் சட்டம் திரும்பி வேலை செய்தது: நிலம் இன்னும் ரிசர்வேஷன், குற்றவாளி பூர்வகுடி, ஆகவே விசாரிக்கும் உரிமை ஃபெடரல் அரசுக்கு, மாநிலத்துக்கு இல்லை. பூர்வகுடிகளின் அதிகாரத்தைப் பிடுங்கச் செய்த கத்தி, 135 வருடம் கழித்து மாநில அரசின் கையை வெட்டியது. 5-க்கு 4 என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு அது; இரண்டே வருடத்தில், 2022-இல், இன்னொரு தீர்ப்பால் மாநிலத்துக்குப் பாதி வழி மறுபடி திறந்துவிட்டார்கள். அதை விரிவாக எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை.

க்ரோ டாக் ரோஸ்பட்டுக்குத் திரும்பினார். நான் அவரைக் கடைசியாகச் சந்தித்தது 1890 டிசம்பரில், காகிதத்தில்தான். ஆவி நடனம் என்ற வழிபாடு லக்கோட்டா மக்களிடையே பரவி, அதை அடக்க ராணுவம் வந்து இறங்கியிருந்த மாதம். நடனக்காரர்கள் பேட்லேண்ட்ஸ் மேட்டில் போய் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களில் க்ரோ டாக்கும் ஒருவர். ஏஜென்சிக்குத் திரும்பிப் போகலாமா, வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. போகலாம் என்றவர்களில் டூ ஸ்ட்ரைக் என்ற தலைவரும் க்ரோ டாக்கும் இருந்தார்கள். போகவிடமாட்டோம் என்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். லக்கோட்டாவை லக்கோட்டா அடிக்கும் நிலை.

அந்த அமளியின் நடுவே க்ரோ டாக் தரையில் உட்கார்ந்து, போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து பேசினார். உங்கள் சகோதரர்களை நீங்களே சுடுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, நான் கிளம்புகிறேன், தடுக்க வேண்டுமானால் இப்போதே என்னைக் கொன்றுவிடுங்கள், எனக்குச் சாகப் பயமில்லை என்றார். யாரும் சுடவில்லை. கூட்டத்தில் பெரும்பகுதி எழுந்து அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தது.